வரையாட்டுக்காக மலை நிலம் வாங்குவதற்கு முன்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பண்ருட்டிப் பக்கம் இருந்த எங்கள் குடும்பத்து முந்திரித் தோப்பை விற்ற பணம் வங்கியில் இருக்கிறது. கொடைக்கானல் மேல்மலையில், பாறைச் சரிவை ஒட்டிய 12 ஏக்கர் பட்டா நிலம் விலைக்கு வந்துள்ளது. அங்கே வரையாடுகள் மேய்வதை நானே பார்த்தேன். நாங்கள் வாங்காவிட்டால் விடுதி கட்டுபவர்கள் வாங்கிவிடுவார்கள் என்று புரோக்கர் சொல்கிறார். பாரிஸில் இருக்கும் என் தம்பி பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவன். பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறான். நிலத்தை வாங்கி, மரம் நட்டு, வேலி போட்டு, அந்த விலங்குகளுக்கே விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. யார் பெயரில் வாங்குவது? எனக்குப் பிறகு என் மகன் விற்காமல் இருக்க என்ன வழி?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம்.

தோப்பை விற்ற பணத்தை வீடாகவோ நகையாகவோ மாற்றிக்கொள்ளாமல், அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் உயிரின் இருப்பிடத்துக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறீர்கள். அந்த மனத்தை வணங்கிவிட்டுத்தான் இந்தப் பதிலைத் தொடங்குகிறேன். அப்படிப்பட்ட பணம் சிறிதும் வீணாகிவிடக் கூடாது என்பதால், புதுச்சேரியில் நிலப் பத்திரங்களையும் அறக்கட்டளை ஆவணங்களையும் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞன் என்ற முறையில், கசப்பானவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த நிலத்தை வாங்குவது நல்ல காரியமாக அமையக்கூடும். ஆயினும் கீழே நான் குறிப்பிடும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை கிடைக்கும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் விலங்கைப் பற்றிப் பேசிவிட்டு நிலத்துக்கு வருவோம். வரையாடு நம் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. தமிழ்நாட்டில் இதன் எண்ணிக்கை 2024 கணக்கெடுப்பில் 1,031 என்றும், 2025 கணக்கெடுப்பில் 1,303 என்றும் மதிப்பிடப்பட்டது. ஏறத்தாழ 1,200 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரையிலான உயரத்தில், புல்வெளியும் செங்குத்துப் பாறையும் அடுத்தடுத்து அமைந்த இடங்களில்தான் இது வாழும். மேய்வதற்குப் புல் வேண்டும். சிறுத்தையோ செந்நாயோ நெருங்கினால் ஓடி ஒதுங்கவும், குட்டி ஈனவும் பாறை வேண்டும். இவ்விரண்டில் ஒன்று கெட்டாலும் மந்தை அந்த இடத்தைக் கைவிட்டுவிடும்.

இந்தத் தேவையோடு உங்கள் 12 ஏக்கரை ஒப்பிட்டுப் பாருங்கள். அது 5 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. வரையாடுகள் மிகுதியாக வாழும் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 24,000 ஏக்கர். ஆகவே உங்கள் நிலம் ஒரு மந்தைக்கு வீடாக இருக்க முடியாது; அதிகபட்சம் வாசற்படியாக இருக்கலாம். வாசற்படிக்கும் பெரிய மதிப்பு உண்டு. பாறை விளிம்புக்கும் மேல்புறத்துப் புல்வெளிக்கும் இடையே விலங்குகள் ஏறி இறங்கும் தடம் இந்த நிலத்தின் வழியே போகிறதென்றால், அல்லது கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று இதில் இருக்கிறதென்றால், அல்லது அந்தச் சரிவு முழுவதற்கும் சாலை வரக்கூடிய ஒரே வழி இதுதான் என்றால், இந்த 12 ஏக்கர் நூறு ஏக்கருக்குச் சமம். இவற்றில் எதுவும் இல்லையென்றால், ஒருநாள் காலையில் மந்தை அங்கே வந்து மேய்ந்தது என்பது மட்டும் வாங்குவதற்குப் போதுமான காரணம் ஆகாது. மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் காட்டுயிர் ஆய்வாளர் ஒருவரோடு சென்று, புழுக்கை, குளம்புத் தடம், மேய்ந்த புல் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். அந்தச் சரகத்தின் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் தனித்தனியே கேளுங்கள். எந்த மாதம் எந்தச் சரிவில் விலங்கு நிற்கும் என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது ‘மரம் நட்டு, வேலி போட்டு’ என்ற பகுதி. நம் பகுதி மக்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பே. 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அரிப்பெடுத்த செம்மண் மேடாகக் கிடந்த நிலம் இன்று காடாக நிற்பதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் நாம். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டியின் முந்திரியையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, மரம் நடுவதைக் கடமையாகவே கொண்டவர்கள். மேல்மலையின் கதை வேறு. அங்கே இயற்கை வகுத்தது பள்ளங்களில் சோலை எனப்படும் குட்டையான மலைக்காடும் மேடுகளில் புல்வெளியும்தான். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவந்து நடப்பட்ட வாட்டில் மரமும், தைலமரமும், பைன் மரமும் அந்தப் புல்வெளிகளின் பெரும்பகுதியை மூடிவிட்டன. வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். எனவே நல்லெண்ணத்தோடு நீங்கள் நடும் ஒவ்வொரு மரக்கன்றும் அந்த விலங்கின் உணவிலிருந்து ஓர் அடி நிலத்தை எடுத்துவிடும். மரம் நடும் எண்ணத்தைத் தயவுசெய்து முற்றிலும் கைவிடுங்கள்.

அதற்கு மாறாகச் செய்ய வேண்டிய வேலை கடினமானது. நிலத்தில் வாட்டில் இருந்தால் அதை அகற்ற வேண்டியிருக்கும். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒருமுறை வெட்டியதோடு வேலை முடியாது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள இடங்களில், உங்கள் சொந்த நிலத்து மரத்தைக்கூட உரிய குழுவின் அனுமதியின்றி வெட்ட முடியாது. அயல் மரம்தானே என்று எண்ணி வெட்டத் தொடங்கினால் வழக்கில் நிற்பது நீங்களாக இருப்பீர்கள். அயல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டிருப்பதால், மாவட்ட வன அலுவலரின் ஒப்புதலோடு திட்டமிட்டுச் செய்தால் தடை இருக்க வாய்ப்பு குறைவு. அந்தச் சரிவு ஆதியில் புல்வெளியா சோலையா என்ற ஐயம் இருந்தால் நீங்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1955 முதல் இயங்கிவரும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் தாவர வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. பெரிய உலர்தாவரத் தொகுப்பும் அங்கே உண்டு. அங்குள்ள தாவரவியலாளர்களிடம் நிலத்தின் அமைவிடத்தைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

வேலியும் வேண்டாம். வரையாடு, கடமான், காட்டெருமை எல்லாம் கடந்துபோகும் சரிவில் வேலி என்பது தடை. மின்வேலி அமைக்க 2023 முதல் தமிழ்நாட்டில் பதிவும் அனுமதியும் கட்டாயம். எல்லைக் கல்லை நில அளவரைக் கொண்டு சரியாக நட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரைக் காவலுக்கு வைத்தால் போதும்.

இனி, விடுதி வந்துவிடும் என்ற எச்சரிக்கை. மலை நிலத்தை விற்பவர்கள் பலரும் இதைச் சொல்வார்கள். சில நேரம் உண்மையாகவும் இருக்கும். அது உண்மையா என்பதை விசாரிக்க முடியும். அந்த வருவாய்க் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா, அங்கே மனைப்பிரிவுக்கோ கட்டடத்துக்கோ யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். சட்டமே கட்டடத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும் நிலம் என்றால், அதைக் காப்பாற்ற நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, வராத ஆபத்துக்குக் கொடுத்த விலையாகிவிடும். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, விண்ணப்பம் வரும்போது ஆட்சேபம் தெரிவிப்பதே பலன் தரும்.

பத்திரத்துக்கு வருகிறேன். கொடைக்கானல் காட்டுயிர் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். உங்கள் நிலத்தின் சர்வே எண் அந்த எல்லைக்கு உள்ளே வருகிறதா, வெளியே நிற்கிறதா என்பதே முதல் கேள்வி. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்கான முதல் அறிவிக்கை வெளியான பிறகு அந்த எல்லைக்குள் வாரிசுரிமையாலோ உயிலாலோ அன்றி வேறு எவ்வகையிலும் ஒருவர் புதிதாக நில உரிமை பெற முடியாது. உள்ளே இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘வெளியேதான் இருக்கிறது’ என்று வாய்வார்த்தையாக யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இரண்டாவது, 1949-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின்கீழ் வரும் காடு என்றால், பட்டா யார் பெயரில் இருந்தாலும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. மீறி நடக்கும் விற்பனை செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே இந்தக் குறை நீங்கிவிடாது.

மூன்றாவது, அந்த நிலம் யாருக்கு, எப்படி, எந்த நிபந்தனையோடு வந்தது என்பது. மலைப்பகுதியில் அரசு ஒப்படை செய்த நிலங்கள் நிறைய உண்டு. பழங்குடியினருக்கோ நிலமற்றவர்களுக்கோ நிபந்தனைப் பட்டாவாகக் கொடுத்த நிலமும், ஆங்கிலேயர் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் பல கை மாறி, கடைசியில் சாதாரணப் பட்டா நிலம் போலவே தோற்றமளிக்கும். ஒரு பளியர் குடும்பத்திடமிருந்தோ புலையர் குடும்பத்திடமிருந்தோ முறைகேடாகப் போன நிலத்தை, அறியாமல் என்றாலும், வரையாட்டின் பெயரால் நீங்கள் வாங்கிவிடக் கூடாது என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். ஆகவே வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மூலப்பத்திரம், பழைய செட்டில்மென்ட் பதிவேடு, கிராம நிலங்களின் ‘அ’ பதிவேடு, பயிர் விவரம் காட்டும் அடங்கல், நில அளவை வரைபடமான புலப்படம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்கி, ஒவ்வொரு கைமாற்றமும் எதனால் நடந்தது என்று வரிசைப்படுத்த வேண்டும். கூட்டுப்பட்டாவாக இருந்தால் எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு விற்க வருபவரிடம் நேரடி உரிமையாளரைக் காட்டச் சொல்லுங்கள். மலைச்சரிவில் புலப்படத்துக்கும் களத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். 12 ஏக்கரில் எத்தனை ஏக்கர் செங்குத்துப் பாறை, எத்தனை வனத்துறை எல்லைக்குள் நீண்டிருக்கிறது என்பது அளந்தால்தான் தெரியும்.

உங்கள் தம்பியின் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. பாசத்தால் எடுக்கும் முடிவுகள் வழக்கில் முடிவதும் இதில்தான். அன்னியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், இந்தியாவில் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது. எனவே கிரயப் பத்திரத்தில் அவர் பெயர் வரவே கூடாது. ‘பெயர் என்னுடையது, பாதி அவனுடையது’ என்று நீங்கள் இருவரும் உங்களுக்குள் பேசிக்கொண்டால், அது பினாமிச் சட்டத்தில் சிக்க வைக்கும்.

தம்பி அக்காளுக்கு அன்பளிப்பாகப் பணம் அனுப்பலாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் உறவினரிடமிருந்து வரும் பணத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மட்டும் மூன்று மாதத்துக்குள் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அப்படி வந்த பணத்தை நீங்கள் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தால், கை மாறி வந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும் அபாயம் இருக்கிறது. அச்சட்டத்தில் பதிவு பெறாத அறக்கட்டளை அதை வாங்குவது குற்றம். புதிய அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு உடனே கிடைக்காது. பொதுவாக மூன்று ஆண்டுகள் இயங்கி, 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும். ஆகவே என் யோசனை இதுதான்: நிலத்தை உங்கள் பணத்தைக் கொண்டு மட்டுமே வாங்குங்கள். தம்பிக்குப் பங்கெடுக்கும் ஆசை உறுதியாக இருந்தால், ஏற்கெனவே பதிவு பெற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் பணியாற்றும் ஒரு நிறுவனத்துக்கு அவர் நேரடியாகக் கொடுக்கட்டும்.

யார் பெயரில் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மகன் விற்காமல் இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமாக இருக்கும்போது, தனிநபர் பெயரில் வாங்குவது பொருந்தாது. திரும்பப் பெற முடியாத பொது அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து, அதன் பத்திரத்திலேயே நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அறங்காவலர்களுக்கு அதிகாரம் இல்லை என்றும், அறக்கட்டளை கலைய நேர்ந்தால் நிலம் வாரிசுகளுக்குப் போகாமல் இதே நோக்கமுள்ள அமைப்புக்கோ வனத்துறைக்கோ போக வேண்டும் என்றும் எழுத வேண்டும். காடு, காட்டுயிர், நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவற்றைக் காப்பதை வருமான வரிச் சட்டம் தனி அறநோக்கமாகவே ஏற்கிறது. நில உச்சவரம்புச் சட்டத்தின்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்) வரம்பு உண்டு. பொது அறக்கட்டளைகளுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. உங்களுக்கு வேறு நன்செய் நிலங்கள் இருந்தால் அவற்றின் விவரத்தையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

அறக்கட்டளைக்கு மேல் இன்னொரு பாதுகாப்பும் உண்டு; நான் அதிகம் நம்புவது அதைத்தான். 2002-இல் திருத்தப்பட்ட காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவு, தனியாரோ சமூகமோ தாமாக முன்வந்து கொடுக்கும் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக மாநில அரசு அறிவிக்க வழி செய்கிறது. நிலம் சரணாலயத்துக்கோ தேசியப் பூங்காவுக்கோ உள்ளே இருக்கக் கூடாது. அறிவித்த பிறகு, மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது; நிலம் யார் கைக்கு மாறினாலும் அந்தக் கட்டுப்பாடு கூடவே போகும். தனியார் நிலத்தைப் பொறுத்தவரை, உரிமையாளரும் குழுவில் இருக்க 2022 திருத்தம் இடமளிக்கிறது. மற்றொரு வழி, பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கோருவது. மதுரை அரிட்டாபட்டி 2022-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. 2025-இல் அறிவிக்கப்பட்ட காசம்பட்டி கோயில் காடு, கொடைக்கானல் இருக்கும் அதே திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது; அதன் பரப்பு 4.97 ஹெக்டேர், ஏறத்தாழ நீங்கள் கேட்கும் நிலத்தின் அளவே. அது தலைமுறைகளாக ஊரார் தெய்வத்துக்கென்று ஒதுக்கிக் காத்த காடு என்பது வேறுபாடு. ஆயினும் சிறிய நிலம் என்பது தடையாகாது என்பதற்கு அது சான்று.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. முந்திரித் தோப்பு நீங்களே வாங்கியதா, உங்கள் பெற்றோர் வழி வந்ததா, கணவர் வழிப் பூர்வீகமா என்று எழுதவில்லை. பூர்வீகம் என்றால், விற்ற பணத்தில் அவருக்கும் பங்கு இருக்கலாம். அதைக் கொண்டு வாங்கும் மலை நிலத்தின்மீது பின்னாளில் அவர் வழக்குத் தொடர இடம் உண்டு. அவருக்குத் தெரியாமல் பத்திரங்களைக் கட்டி வைப்பதைவிட, இப்போதே உட்கார்ந்து பேசி, உரிய தொகையைக் கொடுத்து தன் பங்குரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் வாங்குவதே நேர்மையான வழி. ஒருமுறை அவரையும் அந்த மலைக்கு அழைத்துப் போங்கள்.

பணத்தைப் பற்றி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. இருப்பு முழுவதையும் நிலத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். முத்திரைத்தாள் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தே 9 சதவீதம். அதன் பிறகு காவலருக்குச் சம்பளம், கோடை தொடங்குமுன் தீத்தடுப்புக் கோடு, வாட்டில் கன்று பிடுங்கும் கூலி, எல்லைத் தகராறுகள் என்று ஆண்டுதோறும் செலவு வரும். மொத்தத் தொகையில் பாதியையாவது வைப்புநிதியாக வைத்து, அதன் வட்டியில் இவை நடக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பாதிப் பணத்தில் 12 ஏக்கர் கிடைக்காது என்றால், பாறையை ஒட்டிய 5 ஏக்கரை மட்டும் வாங்குங்கள்.

வாங்காமலும் காக்க முடியும் என்பதையும் பரிசீலியுங்கள். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் நிலம் எதையும் வாங்காமல், தேயிலைத் தோட்ட நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டு, சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டு வருகிறார்கள். சிங்கவால் குரங்குகள் அந்தத் துண்டுகளில் வாழ்கின்றன. வயநாட்டில் திருநெல்லி–குதிரைக்கோடு யானை வழித்தடத்துக்காக, இந்தியக் காட்டுயிர் அறக்கட்டளை அங்கிருந்த குடும்பங்களோடு பேசி நிலத்தை வாங்கி, மறுகுடியமர்வும் செய்து கொடுத்து, நிலத்தைக் கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தது. குடகில் அனில், பமீலா மல்ஹோத்ரா தம்பதியர் 1991-இல் 55 ஏக்கரில் தொடங்கி, அடுத்தடுத்த நிலங்களைச் சேர்த்து 300 ஏக்கர் அளவுக்கு வளர்த்தார்கள். ஆனால் அவர்கள் அங்கேயே குடியிருந்து தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தவர்கள். கடலூரிலிருந்துகொண்டு மேல்மலை நிலத்தைக் காப்பது என்றால், அங்குள்ள மக்களின் நட்பு இல்லாமல் முடியாது. பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் பக்கத்து விவசாயியின் நடைபாதையையும் தண்ணீரையும் மறிக்காதீர்கள். காவல் வேலையையும் களையெடுப்பையும் அந்த ஊராருக்கே கொடுங்கள். பக்கத்து நிலத்தார் இருவர் தங்கள் சரிவில் வேலி போடாமலும் புல்லை உழாமலும் இருக்க ஆண்டுத் தொகைக்கு ஒப்புக்கொண்டால், அதே பணத்தில் இன்னும் அகலமான புல்வெளி காக்கப்படும்.

இப்போதைக்குப் புரோக்கரிடம், ஆவணங்களைச் சரிபார்க்க மூன்று மாதம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் விலகிவிடுங்கள். சர்வே எண்ணும் மூலப்பத்திர நகலும் கிடைத்தவுடன் வன அலுவலருக்கான மனுவை எழுதுங்கள். அதற்கு வரும் பதிலோடு, தோப்பு விற்ற பத்திரத்தின் நகலையும் சேர்த்து எனக்கு அனுப்பினால், அறக்கட்டளைப் பத்திரத்தின் வரைவை அதற்கேற்ப எழுதித் தருகிறேன்.